மூன்றாம் கூடைக்குக் குறுக்கே ஒரு புங்கங்கிளை: வெட்டலாமா?

கேள்வி: 4 மே 2025, மாலை

அண்ணே, மன்னார்குடி பக்கம் நண்பனுடைய அப்பா தோப்பில் ஆறு கூடை வைத்து டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறோம். டிஸ்க் என்கிற பிளாஸ்டிக் தட்டை, விழுந்த இடத்திலிருந்தே மறுபடி மறுபடி வீசி, குறைந்த வீச்சில் கூடையில் போடுகிற ஆட்டம். மூன்றாம் கூடைக்கு வீசுகிற இடத்திலிருந்து பத்தடி தள்ளி ஒரு புங்கமரம். அதன் கிளை ஒன்று தலை உயரத்தில் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கிறது. பத்து வீச்சில் ஏழு அதில்தான் போய் அடிக்கிறது. கை பருமன்தான் இருக்கும். அரிவாள் போட்டால் ஐந்து நிமிட வேலை. நண்பனின் அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். வெட்டலாமா? இதற்கெல்லாம் முறை என்று ஏதாவது இருக்கிறதா?

4 மே 2025, இரவு

வெட்டாதீர்கள் தம்பி. இந்த வாரமாவது வெட்டாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

திருவையாறு பக்கம் குடமுருட்டிக் கரையை ஒட்டி எங்கள் பெரியப்பாவுக்கு ஒரு தோப்பு இருக்கிறது. தென்னை, புங்கை, இரண்டு இலுப்பை, வரப்போரம் பனை. 2019இல் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த மச்சான் ஒரு பை நிறைய டிஸ்க் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். மறு வருஷம் ஊரடங்கில் எல்லோரும் வீட்டோடு கிடந்தபோதுதான் அந்தப் பையைத் திறந்தோம். சைக்கிள் ரிம்மையும் நாய்ச் சங்கிலியையும் வைத்து ஊர் வெல்டிங் பட்டறையில் கூடை செய்துகொண்டோம். மொத்தம் ஒன்பது.

ஐந்தாம் கூடைக்கு முன்னால் உங்களுக்கு இருப்பதைப் போலவே ஒரு கிளை. நானும் சித்தப்பா மகனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரம்பத்தால் அறுத்துப் போட்டுவிட்டோம். மறுநாள் பெரியப்பா பார்த்தார். திட்டவில்லை. சாணியையும் களிமண்ணையும் குழைத்துக் கொண்டுவந்து வெட்டுவாயில் அப்பினார். அப்பிக்கொண்டே, "இது யாரு உக்கார்ற நெழலுன்னு தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

எங்களுக்குத் தெரியாது. நாங்கள் தோப்புக்குப் போவது காலை ஆறு மணிக்கு. எட்டரைக்கெல்லாம் திரும்பிவிடுவோம். அந்த நேரத்தில் நிழலுக்கு அங்கே வேலையே இல்லை. அப்புறம் ஒரு நடவு நாளில் பகல் ஒரு மணிக்குப் போனேன். ஏழெட்டுப் பெண்கள் தூக்குவாளியைத் திறந்து வைத்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, நாங்கள் அறுத்த கிளைக்கு நேர் கீழே வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாலடி தள்ளி வேறு நிழல் இருந்தது. அங்கே போகவில்லை. பல வருஷமாக உட்கார்ந்து பழகிய இடம் அது.

அதனால் முதல் வேலை: பகல் ஒரு மணிக்கு அந்தக் கிளைக்கு அடியில் போய் நின்று பாருங்கள்.

5 மே 2025

விதி என்ன சொல்கிறது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இந்த விளையாட்டுக்கு உலக அளவில் விதி எழுதுவது பி.டி.ஜி.ஏ. என்ற சங்கம். மரம் செடி விஷயத்தில் அவர்கள் கறாராகவே இருக்கிறார்கள். டிஸ்க் புதருக்குள் விழுந்தால், செடி கொடி எப்படி நின்றால் குறைவாக அசையுமோ அப்படித்தான் நிற்க வேண்டும். நின்ற பிறகு, கை வீச இடம் பண்ணுவதற்காகக் கிளையை இழுத்துப் பிடிக்கக் கூடாது. வீசும்போது தற்செயலாகக் கை பட்டு இலை அசைந்தால் குற்றமில்லை. மீறி நகர்த்தினால் ஒரு வீச்சு தண்டம். வேண்டுமென்றே சேதப்படுத்தினால் இரண்டு வீச்சு. போட்டியை விட்டே வெளியேற்றவும் இடமிருக்கிறது. கீழே கிடக்கும் சுள்ளி, சருகு, கல் இவற்றை எடுத்துப் போடலாம்.

தோப்பில் ஆடும் ஆறு பேருக்கு நடுவர் கிடையாது. ஆனாலும் இந்த ஒரு விதியை நாங்கள் விடாமல் வைத்திருக்கிறோம். தண்டம் போட ஆரம்பித்த பிறகுதான் எங்கள் பையன்கள் கிளையைத் தோளால் முட்டித் தள்ளுவதை நிறுத்தினார்கள்.

6 மே 2025

திருத்தம். "கீழே கிடக்கும் சுள்ளியை எடுத்துப் போடலாம்" என்று பொதுப்படையாக எழுதிவிட்டேன். வீசும்போது காலோ கையோ ஊன்றுகிற இடத்தில் கிடந்தால்தான் எடுக்கலாம். முன்னால் டிஸ்க் போகிற வழியில் கிடக்கும் காய்ந்த கிளையைப் போய் அகற்றுவதற்கு அந்த விதி இடம் கொடுக்கவில்லை.

9 மே 2025

"அமெரிக்காவில் காட்டை வெட்டித்தான் மைதானமே போடுகிறார்கள், நீங்கள் ஒரு கிளைக்கு இவ்வளவு பேசுகிறீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வெட்டுகிறார்கள், உண்மை. மைதானம் அமைக்கிறவர் இடத்துக்காரரோடு நடந்து பார்த்து, எந்த மரம் இருக்கும், எது போகும் என்று பேசி முடித்து வெட்டுகிறார். ஆடுகிறவன் தன் டிஸ்க் பட்டது என்பதற்காக வெட்டுவதை அங்கேயும் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. பூங்காவைக் கொடுத்தவர்கள் திரும்ப வாங்கிக்கொண்டால் ஆட இடம் இல்லாமல் போய்விடும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும் என்று மச்சான் சொல்வார்.

இந்த ஆட்டம் பிறந்த கதையிலேயே மரம் இருக்கிறது. எட் ஹெட்ரிக் என்பவர்தான் இதற்கு உருவம் கொடுத்தவர். 1975இல் லாஸ் ஏஞ்சலஸ் அருகே ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானம் வந்தது. 1976இல் சங்கம் ஆரம்பித்ததும் அவர்தான். அதற்கு முன்னால் ஆடியவர்கள் மரம், கம்பம், குப்பைத்தொட்டி என்று எதிர்ப்பட்டதையெல்லாம் குறியாக வைத்து அடித்தார்கள். டிஸ்க் மரத்தில் பட்டால் கணக்கு முடிந்தது. சங்கிலி தொங்கும் இரும்புக் கூடையை ஹெட்ரிக் கொண்டுவந்த பிறகு, மரத்துக்கு விழுந்த அடி சங்கிலிக்குப் போனது. கூடை என்றாலே எனக்கு முதலில் இதுதான் நினைவுக்கு வரும்.

2002இல் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படியே சாம்பலைப் பிளாஸ்டிக்கில் கலந்து டிஸ்க் வார்த்தார்கள். பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நாம ஆத்துல கரைக்கிறோம், அவங்க காத்துல விட்டிருக்காங்க" என்றார்.

11 மே 2025

தம்பி பதில் எழுதியிருக்கிறார்: "பகல் ஒரு மணிக்குப் போனேன் அண்ணே. யாருமே இல்லை. ஒரு நாய் படுத்திருந்தது. இப்போது வெட்டலாமா?"

நான் சொன்னதில்தான் பிசகு. இது சித்திரைக் கடைசி. வயலில் ஈரமில்லை, வேலையில்லை. ஆள் எப்படி வருவார்கள்? வேலை நடக்கிற பருவத்தில் பகல் ஒரு மணி என்று சொல்லியிருக்க வேண்டும். தண்ணீர் வரட்டும். நடவோ களையெடுப்போ நடக்கும் நாளில் போய்ப் பாருங்கள். அதுவரை கிளை இருக்கட்டும். ஒரு வருஷமாக அதில் அடித்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்.

இன்னொன்று. இப்போது புங்கை பூத்திருக்கும். அடியில் பொரி இறைத்த மாதிரி கிடக்கும். மேலே தேனீ மொய்த்துக்கொண்டிருக்கும். அரிவாளோடு ஏறுகிற நேரமே இல்லை இது.

12 மே 2025

நடவு வரை காத்திருக்கச் சொல்வது அநியாயம் என்கிறார் தம்பி. சரி, ஆட்டக் கணக்கிலேயே பேசுவோம். ஐந்தாம் கூடைக் கிளையை அறுத்த பிறகு எங்களுக்கு என்ன கிடைத்தது என்று சொல்கிறேன்.

முதல் ஆறு மாதம் நேராக வீசினோம், நேராகப் போனது. சப்பென்று ஆகிவிட்டது. அந்தக் கிளை இருந்தபோது டிஸ்க்கை வெளிப்பக்கம் சாய்த்து, இடுப்பு உயரத்துக்கு மேலே போகாமல், கிளைக்கு அடியில் நுழைத்து அப்புறம் வளைய விட வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது. கிளை போனதும் அந்த வீச்சுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

மறு வருஷம் வெட்டுவாயைச் சுற்றி ஆறு தளிர் கிளம்பியது. புங்கையை வெட்டினால் அப்படித்தான் துளிர்க்கும். தழைக்காகக் கழிக்கிறவர்கள் அதை நம்பித்தான் கழிக்கிறார்கள். ஆறும் விரல் பருமனில் நெட்டுக்குத்தாக ஏறி இப்போது ஒரு புதராக நிற்கிறது. முன்பு ஒரு கிளைக்கு மேலேயும் கீழேயும் வழி இருந்தது. இப்போது இரண்டும் இல்லை. நெட்டுக்குத்தாக நிற்பதால் கீழே நிழலும் விழுவதில்லை.

18 மே 2025

மரத்துக்கு மரம் கணக்கு மாறும். புங்கையையே பேசிக்கொண்டிருந்தால் தென்னையும் பனையும் விட்டுப்போகும்.

புங்கை, வேம்பு, பூவரசு இவற்றுக்குப் பட்டைக்கு அடியில் வளர்கிற படலம் உண்டு. காயம் பட்டால் ஓரத்திலிருந்து உருண்டு வந்து மூடும். தென்னைக்கும் பனைக்கும் அது கிடையாது. தண்டில் பட்ட காயம் பட்டபடியே இருக்கும். ஏணி மாதிரி கொத்துப்படி வெட்டிய பழைய தென்னையைப் பாருங்கள், நாற்பது வருஷத்துக்கு முன்னால் போட்ட கொத்து இன்றும் அப்படியே வாயைத் திறந்துகொண்டிருக்கும். வளர்கிற இடமும் உச்சியில் இருக்கும் ஒற்றைக் குருத்துதான். அது போனால் மரம் போச்சு.

ஒன்பது கூடைக்கும் எண் பலகை மாட்டினோம். நாலு பலகையைத் தென்னையில் ஆணி அடித்துத் தொங்கவிட்டோம். இரண்டு அங்குல ஆணி, பலகைக்கு இரண்டு. ஒரு மழைக்காலம் கழிந்தது. ஏழாம் கூடைத் தென்னையில் ஆணிக்குக் கீழே செம்பழுப்பாகச் சாறு வடிந்து காய்ந்திருந்தது. காதை வைத்துக் கேட்டால் உள்ளே நறநறவென்று சத்தம். சிவப்புக் கூன்வண்டு. காயம் பட்ட இடத்தைத் தேடி வந்து முட்டை வைக்கிற பூச்சி அது. புழு தண்டுக்குள்ளேயே தின்றுகொண்டு கிடக்கும். பெரியப்பா மருந்து வைத்துப் பார்த்தார். மரம் தேறவில்லை. இருபத்தைந்து வருஷத்து மரம், ஆணியால் போயிற்று என்று உறுதியாகச் சொல்ல முடியாதுதான், ஆனால் ஆணியை அடித்தது நான். அந்த மரத்தின் கட்டை இன்னும் அங்கே இருக்கிறது. இப்போது பலகைகள் எல்லாம் தேங்காய்நார்க் கயிற்றில் தொங்குகின்றன. வருஷத்துக்கு ஒரு தடவை கயிறு மாற்றுகிறோம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரை ஏறியபோது பேராவூரணி பக்கம் அத்தை வீட்டுத் தோப்பில் எண்பது மரம் சாய்ந்தது. மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தேன். அத்தை விழுந்து கிடந்த ஒவ்வொரு மரத்தையும் கையால் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தார். ஒரு மரத்தடியில் நின்று, இது உன் மாமா வைத்தது என்றார். மறு வருஷம் வைத்த கன்றுகளில் சிலவற்றில் இப்போதுதான் பாளை வந்திருக்கிறது. தென்னந்தோப்பில் ஆட இடம் கொடுக்கிறவர் எதைக் கொடுக்கிறார் என்பதை நான் அங்கே கண்டேன். கன்று நிற்கிற வரிசையில் கூடை வைக்கவே வேண்டாம். 175 கிராம் டிஸ்க் வேகமாக வந்து இளங்குருத்தில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பனையில் காய்ந்து தொங்கும் காவோலையை மட்டும் இழுத்துப் போடலாம். அது செத்த ஓலைதானே. டிஸ்க் அதில் செருகிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. மட்டையின் கருக்கு கையை அறுத்துவிடும்.

1 ஜூன் 2025

காவோலை பற்றி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

நேற்று சாயங்காலம் எட்டாம் கூடையில் என் டிஸ்க் தொங்கல் ஓலையில் மாட்டியது. தொரட்டியை நீட்டப் போனேன். ஓலைக்குள்ளிருந்து சின்னச் சின்னப் பறவைகள் சர் சர்ரென்று வெளியே வந்தன. பனை உழவாரன். எச்சிலால் பஞ்சையும் இறகையும் ஓலையின் அடிப்பக்கத்தில் ஒட்டிக் கூடு கட்டுகிற குருவி. ஓலை மடிப்பில் ஒரு கரண்டி அளவுதான் இருந்தது கூடு. நாங்கள் நாலு வருஷமாக ‘செத்த ஓலை’ என்று இழுத்துப் போட்டதில் எத்தனை இப்படிப் போனதோ தெரியவில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை.

டிஸ்க் அங்கேயே இருக்கிறது. ஓலை கழிக்கப் பனையேறி வரும்போது எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

பனையை வெட்டலாமா என்று கேட்ட இன்னொருவருக்கு: கூடாது. நம் மாநில மரம். வெட்ட வேண்டுமானால் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று 2021இல் வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்துவிட்டார்கள்.

17 ஜூன் 2025

12ஆம் தேதி மேட்டூர் திறந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கல்லணையும் திறந்தாயிற்று. தண்ணீர் வருவதற்கு முன்னால் கரையைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஒன்பதாம் கூடை கரைக்கு அடியில் இருக்கிறது. படுகையில் நாணலும் கொறுக்கையும் ஆள் உயரம். டிஸ்க் உள்ளே போனால் தேடி எடுக்க அரை மணி நேரம். முதல் வருஷம் அரிவாளால் ஒரு பாதை போட்டோம், ஆறடி அகலம். அந்த வருஷம் வெள்ளத்தில் சரியாக அந்த ஆறடிதான் கரை சரிந்தது. வேர் பிடித்திருந்த இடம் முழுக்க நின்றது. கரை எங்கள் சொத்தும் கிடையாது, பெரியப்பா சொத்தும் கிடையாது, அரசாங்கத்து இடம். கேட்காமல் அதில் கைவைத்ததே தவறு. மறு வருஷம் கூடையை இருபதடி உள்ளே தள்ளிப் போட்டோம். நாணலுக்குள் போனால் அவுட். ஒரு வீச்சு தண்டம், டிஸ்க்கைத் தேட ஒருவர் மட்டும்தான் உள்ளே போக வேண்டும், போன வழியிலேயே திரும்ப வேண்டும்.

நெய்வேலிக் காட்டாமணக்கு மட்டும் வேறு கதை. வாய்க்காலை அடைத்துக்கொண்டு, ஊதா நிறத்தில் பூத்துக்கொண்டு நிற்கிறதே, அது. ஆடு மாடு தின்னாது, தின்றால் கெடுதல். அதை எடுக்க யாரிடமும் கெஞ்ச வேண்டாம், சொல்லிவிட்டு எடுத்தால் மகிழ்ச்சியாகக் கூட வந்து எடுப்பார்கள். ஆனால் வெட்டிய தண்டை வாய்க்காலில் தள்ளிவிடாதீர்கள். ஒரு முழத் துண்டு போதும், எங்கே ஒதுங்குகிறதோ அங்கே வேர் விட்டுவிடும். கடைமடையில் இருப்பவன் தலையில்தான் விடியும். மேட்டில் போட்டு, வெயிலில் சருகாகக் காய வையுங்கள்.

22 ஜூன் 2025

சீமைக்கருவேலத்தையுமா பாதுகாக்கச் சொல்கிறீர்கள் என்று கேள்வி. இல்லை. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே அகற்றச் சொன்ன மரம். ஆனால் டிஸ்க் போகிற வழிக்கு மட்டும் இடுப்பளவில் வெட்டிவிட்டு வருவது வெட்டாமல் இருப்பதைவிட மோசம். அடிக்கட்டையிலிருந்து இன்னும் அடர்த்தியாகக் கிளம்பும், தரையோடு தரையாக முள் பரவும். செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். எடுப்பதாக இருந்தால் வேரோடு எடுக்க வேண்டும். விறகுக்கு அதை நம்பி இருப்பவர்கள் உங்கள் ஊரில் இருப்பார்கள். அவர்களிடம் முதலில் சொல்லுங்கள். எங்கள் தோப்பு மூலையில் இருந்த நாலு மரத்தை ஒரு விறகுக்காரர் அப்படித்தான் எடுத்துக் கொடுத்தார். நாங்கள் குழியை மூடினோம்.

3 ஆகஸ்ட் 2025

ஆடிப்பெருக்கு. இன்று ஆட்டம் இல்லை. கூடைச் சங்கிலியைக் கட்டி வைத்தாயிற்று. கரை முழுக்கக் குடும்பம் குடும்பமாகச் சித்ரான்னத்தோடு வந்திருக்கிறார்கள். இலுப்பையில் யாரோ மஞ்சள் கயிறு கட்டியிருக்கிறார்கள். கயிறு கட்டிய மரத்துக்குக் குறுக்காக வீசுவதில்லை என்று எங்களுக்குள் ஒரு முறை. யாரும் எழுதி வைக்கவில்லை.

24 ஆகஸ்ட் 2025

இதுவரை வெட்டாதே வெட்டாதே என்றுதான் எழுதியிருக்கிறேன். வெட்டவே கூடாதா என்றால், வெட்டலாம். நம் ஊரில் மரம் கழிப்பதற்கென்று ஒரு காலம் இருக்கிறது. சம்பாவுக்கு முன்னால் தழையுரத்துக்காகப் புங்கையும் வாதநாராயணமும் கழிப்பார்கள். போன வாரம் பெரியப்பா கழித்தார். இரண்டாம் கூடைக்கு மேலே தாழ்ந்துவிட்ட ஒரு கொப்பைக் காட்டி, இதையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். சுற்றி வந்து பார்த்தார். கூடு இல்லை, கீழே யாரும் உட்கார்வதில்லை. "எடு" என்றார். தழை வயலுக்குப் போனது, கொப்பு விறகுக்குப் போனது. கேட்க எனக்கு ஒரு நிமிடம் ஆனது.

எப்படி வெட்டுவது என்பதிலும் கவனம் வேண்டும். 2020இல் நாங்கள் மேலிருந்து அறுத்துக்கொண்டே போனோம். பாதியில் கிளை கனத்தில் முறிந்து, அடிப்பக்கப் பட்டையைத் தண்டு வரைக்கும் ஒன்றரை அடி உரித்துக்கொண்டு விழுந்தது. வெள்ளையாக, நாராக, ஈரமாகத் தெரிந்தது. முதலில் தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, கீழ்ப்பக்கம் கால்வாசி அறுக்க வேண்டும். அதற்கு ஒரு சாண் வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையைக் கீழே இறக்க வேண்டும். கனம் போன பிறகு, மிச்சக் கட்டையைத் தண்டோடு சேரும் இடத்தில் மடிப்பாக ஒரு வளையம் இருக்குமே, அந்த வளையத்தைத் தொடாமல் அதற்கு வெளியே அறுக்க வேண்டும். அந்த வளையம்தான் காயத்தை மூடும். கட்டையாக நீட்டி விட்டாலும் மூடாது, தண்டோடு வழித்து எடுத்தாலும் மூடாது.

சாணி அப்புவது பற்றி: மரம் தன் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும், மேலே எதுவும் பூச வேண்டியதில்லை என்றுதான் மரவியல் படித்தவர்கள் இப்போது சொல்கிறார்கள். பெரியப்பாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். போன வாரம் வெட்டிய இடத்திலும் அப்பினார். நான் களிமண் எடுத்துக் கொடுத்தேன்.

14 செப்டம்பர் 2025

மரத்தில் மாட்டிய டிஸ்க்கைக் கல்லாலும் கட்டையாலும் அடித்து இறக்குவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். வேறொரு ஊரில் பையன்கள் ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்தேன். எண்ணூறு ரூபாய் டிஸ்க்குக்காக ஒரு மாமரத்தைப் பத்து நிமிடம் அடித்தார்கள். கீழே இலையும் பிஞ்சுக் கொம்புமாக ஒரு கூடை அள்ளலாம். ஒருவர் தலையில் கல் விழத் தெரிந்தது.

ஆட்டம் அதற்காக நிற்க வேண்டியதும் இல்லை. மேலே மாட்டிய இடத்துக்கு நேர் கீழே இருந்து அடுத்த டிஸ்க்கை வீசலாம். இரண்டு மீட்டருக்கு மேலே மாட்டினால் ஒரு தண்டம் என்பதுகூடப் போட்டி நடத்துகிறவர் விரும்பினால்தான். நீண்ட மூங்கிலில் கத்தி இல்லாத வெறும் கொக்கி கட்டித் தோப்பிலேயே ஒன்று சாத்தி வையுங்கள்.

19 அக்டோபர் 2025

மழை. தோப்பை மூடிவிட்டோம். நம் களிமண் ஈரத்தில் மிதிபட்டால் காய்ந்ததும் செங்கல் மாதிரி இறுகிவிடும், வேருக்குக் காற்றும் தண்ணீரும் இறங்காது. வீசுகிற இடம் எப்போதும் மரத்தடியில்தான் அமைகிறது, நிழலுக்காக. முதலாம் கூடை வேம்பைச் சுற்றி ஒரு புல் கிடையாது, வேர் வெளியே தெரிகிறது. அந்த இடத்தை ஏழடி தள்ளிப் போட்டு, பழைய இடத்தில் சருகு பரப்பியிருக்கிறோம். பொங்கலுக்குப் பிறகு பார்க்க வேண்டும்.

9 நவம்பர் 2025

இன்று மன்னார்குடி போயிருந்தேன். தம்பிதான் கூப்பிட்டார். "அண்ணே, கிளையை வந்து பாருங்கள்" என்றார், வேறெதுவும் சொல்லவில்லை.

பத்தரை மணி இருக்கும். தோப்பை ஒட்டிய வயலில் களையெடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் கூடைக்கு வீசுகிற இடத்தில் நின்று பார்த்தேன். அவர் எழுதியது போலவேதான், கிளை தலை உயரத்தில் குறுக்கே கிடந்தது. டிஸ்க் பட்ட வடு பதினைந்து இருபது இருக்கும், பிறை பிறையாக. அந்த வடுக்களுக்கு நடுவில், தண்டிலிருந்து மூன்று முழம் தள்ளி, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு தடம் கிளையைச் சுற்றி ஓடியது. அங்கே மட்டும் பட்டை சொரசொரப்பே இல்லாமல், கை பட்ட கதவு நிலை மாதிரி வழவழவென்று இருந்தது. பத்துப் பதினைந்து வருஷத் தேய்மானம். அந்தத் தடத்தில் ஒரு நைலான் கயிறு. கயிற்றில் பச்சைப் புடவை. தூளி.

"ஒரு வருஷமா இதைத்தான் அண்ணே பாத்துக்கிட்டு இருந்தேன், தடம் கண்ணுல படவே இல்ல" என்றார் தம்பி.

வீசுகிற இடத்தை எட்டடி இடப்பக்கம் நகர்த்தப் போகிறாராம். அங்கிருந்து பார்த்தால் கிளைக்கும் பக்கத்துத் தென்னைக்கும் நடுவில் நாலடி சந்து கிடைக்கிறது. சாய்த்து வீசினால் நுழையும் என்றேன். வீசிப் பார்க்கலாமா என்று டிஸ்க்கை எடுத்தார். தூளி லேசாக அசைந்தது. வயலிலிருந்து ஒரு பெண் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். தம்பி டிஸ்க்கைப் பைக்குள் வைத்துவிட்டார். நாலாம் கூடைக்குப் போனோம்.